விமான இயந்திரத்தைத் தொடக்கும் வரிச்சுருள்

சிறிய விமானமொன்றின் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் விமானவோட்டி இயந்திரத்தை இயக்கத் தொடங்குதற்குச் செய்யும் செயல் மிக எளிது. மோட்டார் வண்டியிற் போலவே ஒரு திறப்பைத் துளையிலிட்டு வலப்புறமாகத் திருப்புகின்றார். இரண்டு விரல்களின் வலிமையே இதற்குப் போதும். அடுத்த கணத்தில் முன்னேயுள்ள சுழல்விசிறி அசைந்து சுழலத் தொடங்குகின்றது. அச்சிறு பொழுதில், 12 உவோற்று மின்கலவடுக்கொன்றிலிருந்து தொடக்கி மோட்டாரை நோக்கிப் பாயும் மின்னோட்டம் ஏறக்குறைய 200 அம்பியர் அளவினது. 230 உவோற்றில் எரியும் 60 உவாற்றுக் குமிழ் ஒன்று கொள்ளும் ஓட்டம் ஓர் அம்பியரின் நாலிலொரு பங்களவே என்பதை நினைப்போர்க்கு, இருநூறு அம்பியர் என்பது எத்துணைப் பெரிது என்பது தானே விளங்கும்.

இவ்வளவு பெரிய ஓட்டம் அத்திறப்பின் வழியாக ஓடுவதில்லை. ஓடுமாயின் திறப்புக்குப் பின்னாலுள்ள சிறு ஆளி உருகிவிடும். அன்றியும், விரற்பருமனான செப்பு வடங்களை இயந்திர அறையிலிருந்து விமானவோட்டியின் முன்னுள்ள பலகை வரை கொண்டுவந்து மீண்டும் கொண்டுசெல்ல வேண்டி நேரிடும். பாரத்தைப் பகையாகக் கருதும் விமானத்தில் இஃது ஏற்கத் தக்கதன்று. வடம் நீளுந்தோறும் தடையும் கூடும். தடை கூடுந்தோறும் மோட்டாருக்குக் கிட்டும் அழுத்தம் குறையும். ஆதலின் விமானவோட்டியின் விரலுக்கும் அப்பேரோட்டத்துக்கும் இடையே ஒரு கருவியை நிறுத்தியிருக்கின்றனர். கைக்குள் அடங்கும் சிறு பேணி போன்ற தோற்றமுடையது அது. அதனையே பொறிவல்லார் "சொலினொயிட்" என்று சொல்வர்.

குழாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினடியாகப் பிரான்சு நாட்டறிஞர் அம்பியர் ஆக்கிய பெயர் அது. நம் நாட்டுப் பாடநூல்கள் அதனை வரிச்சுருள் என வழங்குகின்றன. வரிவரியாகச் சுற்றப்பட்ட சுருளாதலின் நல்ல பெயரே. ஆயினும் மாணாக்கர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். பௌதிக நூலில் வரிச்சுருள் என்பது கம்பிச் சுருளை மட்டுமே குறிக்கும். விமானத்தில் அப்பெயரால் அழைக்கப்படுவது அச்சுருளும், அதனாலே இழுக்கப்படும் இரும்புத் தண்டும், அத்தண்டு இயக்கும் ஆளியும் ஒருங்கே அடங்கிய முழுக் கருவியாகும். உறுப்பின் பெயர் முழுப்பொருளுக்கு ஆகி வந்தமையின் இதனைச் சினையாகுபெயர் என்று இலக்கண வகுப்பிலே எடுத்துக் காட்டலாம். தலைக்கு இவ்வளவு என்று வரி பகிரும்போது தலை என்பது ஆளைக் குறிக்கவில்லையா? அவ்வாறே இதுவும்.

பேணியைப் பிளந்து பார்த்தால் உள்ளே இருப்பவை சிலவே. மேன்மூடி மின்கடத்தாப் பொருளால் ஆனது. அதனூடாக இரண்டு தடித்த செப்பு முனையாணிகள் உள்ளே இறங்கியிருக்கின்றன. ஒன்றோடு மின்கலவடுக்கிலிருந்து வரும் வடமும், மற்றதோடு தொடக்கி மோட்டாருக்குச் செல்லும் வடமும் பூட்டப்படும். உள்ளே இவ்விரண்டின் முகங்களும் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கும். அவற்றுக்கு எதிரே, தண்டொன்றின் தலையில், செப்புத் தட்டு ஒன்று உண்டு. தண்டின் மறுபாதி மென்னிரும்பாலானது. அது சுருளின் நடுவே பாதி நுழைந்தும் பாதி வெளிப்பட்டும் நிற்கும். தட்டை முனையாணிகளிலிருந்து விலக்கிப் பிடிப்பது ஒரு சுருள்வில். அவ்வளவுதான்.

1820 ஆம் ஆண்டில் தென்மார்க்கு அறிஞர் ஏர்ஸ்தெட் என்பவர், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே திசையறிகருவியின் முள் திரும்புதலைக் கண்டார். 1825 இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஸ்டேர்ஜன் வளைந்த இரும்பிற் கம்பியைச் சுற்றி மின்காந்தத்தை அமைத்தார். கல்லூரி ஆய்வுகூடத்தில் இரும்பாணி ஒன்றிற் கம்பியைச் சுற்றிக் குண்டூசிகளைத் தூக்கிப் பார்த்த பழைய மாணவர் எவரும் இக்கருவியின் இயக்கத்தை முன்னரே அறிந்தவராவர். திறப்பைத் திருப்பியதும் சுருளினூடே சில அம்பியர் மட்டும் பாய்கின்றது. சுருள் காந்தமாகி மென்னிரும்புத் தண்டை உள்ளே இழுக்கின்றது. தண்டோடு செல்லும் செப்புத் தட்டு இரு முனையாணிகளையும் ஒருங்கே மோதிப் பாலமாகின்றது. பேரோட்டம் அப்பாலத்தின் வழியே பாய்கின்றது. திறப்பை விட்டதும் காந்தம் அழிகின்றது. சுருள்வில் தட்டைப் பின்தள்ளுகின்றது.

காந்த இழுவையின் இயல்பு ஒன்றை இங்கே ஊன்றி நோக்குதல் வேண்டும். இரும்புத் தண்டு சுருளுக்கு வெளியே விலகி நிற்கும்போது இழுவை மெலிது; அது முற்றாக உள்ளே சென்று வளியிடைவெளி மறைந்தபின் இழுவை பன்மடங்கு வலிது. ஆதலின் தண்டை முதலில் இழுத்தெடுப்பதற்கு வேண்டிய அழுத்தம் மிகுதி. இழுத்ததைப் பிடித்து வைத்திருப்பதற்கு வேண்டியது குறைவு. கருவி கெடும் வரலாற்றைச் சொல்லுமிடத்து இதற்கு மீண்டும் வருவோம்.

எல்லா விமானங்களும் இம்முறையிலேயே தொடக்கப்பட்டன என்று கொள்ளலாகாது. முற்காலத்தில் ஒருவர் முன்னே நின்று சுழல்விசிறியைக் கையாற் சுழற்றினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஸ்பிற்பயர் விமானத்தின் இரண்டாம் வகையில் வெடிமருந்துத் தோட்டா ஒன்றின் வளியழுத்தத்தால் இயந்திரம் சுழற்றப்பட்டது. 1947 ஆம் ஆண்டு திசம்பர் 10 ஆம் திகதி, எயர் சிலோன் சேவை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் பறப்பை நடத்தியது டக்கோட்டா விமானத்தில் என்பதை நம் பழைய மாணவருள் மூத்தோர் அறிவர். அவ்வினத்து விமானங்களிற் சடத்துவத் தொடக்கியைப் பெரிதும் காணலாம். மின்மோட்டார் ஒன்று கனத்த சில்லு ஒன்றை முதலில் வேகமாகச் சுழற்றும். மெல்லிதாய்த் தொடங்கி வரவர உச்சத்துக்கு ஏறும் ஓர் ஊளையொலி அப்போது கேட்கும். பின்னர் வேறோர் ஆளியை அழுத்த, சில்லு இயந்திரத்தோடு பிணைந்து அதனைத் திருப்பும். இக்காலச் சிறு விமானங்களில் அந்த ஊளையில்லை. மோட்டார் நேரே இயந்திரத்தைத் திருப்புகின்றது.

உலகெங்கும் பறத்தற் பள்ளிகளிற் பெரிதும் வழங்கும் செஸ்னா 172 என்னும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1956 முதல் விற்கப்பட்ட இவ்வினத்தில் 44,000 இற்கு மேற்பட்டவை கட்டப்பட்டுள்ளன. இதில் மின்கலவடுக்குக்கும் தொடக்கி மோட்டாருக்கும் இடையே வரிச்சுருள் ஒன்றன்று, இரண்டு உள. முதலாவது தலைமை வரிச்சுருள். தலைமை ஆளியைப் போட்டதும் இது மூடும்; விமானத்தின் மின் தொகுதி முழுவதற்கும் இதுவே வாயில். இரண்டாவது தொடக்கி வரிச்சுருள். திறப்பைத் தொடங்கு நிலையிற் பிடித்திருக்கும் சில விநாடிகள் மட்டுமே இது மூடியிருக்கும். பேரோட்டம் இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கடந்தே மோட்டாரை அடையும்.

வெளித்தோற்றத்தில் இவையிரண்டும் இரட்டைப் பிள்ளைகள். உள்ளியல்போ வேறு. தலைமை வரிச்சுருள் பறப்பு முழுவதும், மணிக்கணக்காக, மூடியே இருக்க வேண்டியது. ஆதலின் அதன் சுருள் மெல்லிய கம்பியாற் பல சுற்றுக்கள் சுற்றப்பட்டிருக்கும்; 12 உவோற்று வகையில் அதன் தடை ஏறக்குறைய 16 ஓம் எனக் கொள்ளலாம். ஓட்டம் ஓர் அம்பியருக்குக் குறைவு. பிறக்கும் வெப்பம் 9 உவாற்று அளவே. தொடக்கி வரிச்சுருளோ சில விநாடி மட்டும் உழைத்தாற் போதும். ஆனால் தட்டை வன்மையாகவும் விரைவாகவும் மோத வேண்டும். அதன் தடை 4 ஓம் அளவாயின் ஓட்டம் 3 அம்பியர். வெப்பம் 36 உவாற்று. சில விநாடிக்கு இவ்வெப்பம் ஒரு பொருட்டன்று. ஆனால், உருவொற்றுமை கண்டு மயங்கி, தொடக்கிக்குரியதைத் தலைமையின் இடத்திற் பூட்டிவிட்டால் அச்சிறு பேணிக்குள் 36 உவாற்று வெப்பம் மணிக்கணக்காகத் தேங்கும். கம்பியின் காவற்பூச்சுக் கருகும், சுற்றுக்கள் ஒன்றோடொன்று தொடும், தடை குறையும், வெப்பம் மேலும் ஏறும். நடுவானில் மின்தொகுதி அவிந்து போதற்கு இஃதொரு வழி. மாறிப் பூட்டினாற் குற்றம் இவ்வளவு விரைவில் வெளிப்படாது. ஆனால் மெலிந்த இழுவையுடைய தட்டு பேரோட்டத்தின் கீழ் நன்கு அமர்ந்திராது.

1978 ஆம் ஆண்டு மாதிரி முதல் செஸ்னா 172 இன் மின்தொகுதி 28 உவோற்றுக்கு மாற்றப்பட்டது. மின்கலவடுக்கு 24 உவோற்று. அழுத்தம் இரட்டித்தால் அதே வேலைக்குப் பாதி ஓட்டம் போதும். வடத்தின் பாரமும் குறையும். 12 உவோற்றுச் சுருளை இதிற் பூட்டுவோர் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை மறத்தலாகாது.

இனி, இக்கருவி ஏன் கெடுகின்றது? தானாகவே கெடும் வரிச்சுருள் அரிது; அதனைப் பிறர் கெடுக்கின்றனர் என்பதே என் கருத்து. அப்பிறருள் முதலிடம் பெறுவது மெலிந்த மின்கலவடுக்கு.

சில வாரம் பறவாது நின்ற விமானம் ஒன்றை நினைத்துக்கொள்க. தலைமை ஆளியைப் போட்டால் உவோற்றுமானி 12 காட்டுகின்றது, விளக்குகளும் எரிகின்றன. குறையேதும் தோன்றவில்லை. திறப்பைத் திருப்பியதும் 3 அம்பியரைப் பெற்ற சுருள் தண்டை இழுக்கின்றது. தட்டு முனையாணிகளை மோதுகின்றது. அக்கணத்தில் மோட்டார் அசையாது நிற்கின்றது. சுழலும் மோட்டாரிலே எதிர் மின்னியக்கவிசை பிறந்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். நிற்கும் மோட்டாரில் அஃதில்லை. ஆகவே அது கேட்கும் ஓட்டம் மிகப் பெரிது. நலமுள்ள மின்கலவடுக்கு 9 அல்லது 10 உவோற்றுக்குத் தாழ்ந்து அதனைத் தாங்கிக்கொள்ளும். மெலிந்ததோ அகத்தடை மிகுந்தது. அதன் அழுத்தம் ஒரே வீழ்ச்சியாய் 3, 4 உவோற்றுக்கு வீழ்ந்துவிடும். சுருளுக்கு உணவளிப்பதும் அதே மின்கலவடுக்கன்றோ? பிடித்து வைத்திருக்க வேண்டிய அழுத்தமும் இல்லாமற் போகவே சுருள் தண்டைக் கைவிடுகின்றது. தட்டு விலகுகின்றது. மோட்டாரின் சுமை நீங்கியதும் அழுத்தம் மீண்டும் 12 இற்கு எழுகின்றது. எழுந்ததும் சுருள் மறுபடியும் இழுக்கின்றது. மோதல், வீழ்ச்சி, விலகல், எழுச்சி. ஒரு விநாடிக்குப் பலமுறை இவ்வாறு நிகழ, கடகடவென்னும் ஓசை எழுகின்றது.

பௌதிக வகுப்பில் மின்மணியின் படத்தை வரைந்தோர் இதனை உடனே இனங்காண்பர். மின்மணியிற் சுத்தியல் தன் சுற்றைத் தானே முறித்துக் கொள்கின்றது. இங்கே கருவி தன் சுற்றை முறிக்காது தன் உணவைத் தானே பறித்துக் கொள்கின்றது. வேறுபாடு அவ்வளவே. ஆனால் மின்மணியின் தொடுகையில் பாய்வது சிற்றோட்டம். இங்கே ஒவ்வொரு மோதலிலும் ஒவ்வொரு விலகலிலும் நூற்றுக்கணக்கான அம்பியர் செல்லும் பாதை முறிக்கப்படுகின்றது.

பாதை முறியுமிடத்து மின்வில் பிறக்கும். வீட்டு மின்னோட்டம் ஆடலோட்டமாதலின் ஒரு விநாடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொடும். அங்கே தோன்றும் வில் தானே அவிய வழியுண்டு. மின்கலவடுக்கின் நேரோட்டத்தில் அவ்வாறு பூச்சியமாகும் கணமே இல்லை. வில்லை அவிப்பதற்குத் தொடுகைகள் விரைந்து விலகுதல் ஒன்றே வழி. அதன்பொருட்டே சுருள்வில் வன்மையாக அமைக்கப்படுகின்றது. தட்டு ஓரிடத்திலன்றி ஈரிடத்தில் ஒருங்கே விலகுமாறு செய்யப்பட்டிருப்பதும் வில்லை இரண்டாகப் பகிர்தற் பொருட்டே. இவ்வளவு இருந்தும், வில் தோன்றுந்தோறும் செம்பின் மேற்பரப்பு சிறிது உருகித் தெறிக்கின்றது. ஓரிடம் குழியாகின்றது, ஓரிடம் கருகி மேடாகின்றது. இயந்திரம் எழுந்து மோட்டார் வேகங்கொண்டபின் திறப்பை விடுவோர் சிற்றோட்டத்தையே முறிக்கின்றனர். மோட்டார் தள்ளாடி நிற்கும் வேளையில் விட்டும் பிடித்தும் முயல்வோர் பேரோட்டத்தை முறிக்கின்றனர். பொறுமையின்மைக்குச் செம்பு விலை கொடுக்கின்றது.

குழிவிழுந்த தொடுகை இரண்டு வழிகளிற் கேடு செய்யும். முதல் வழி தடை. தட்டுக்கும் முனையாணிக்கும் இடையே 0.005 ஓம் தடை மட்டும் வளர்ந்துவிட்டது எனக் கொள்வோம். 200 அம்பியர் பாயும்போது அங்கே இழக்கப்படும் அழுத்தம் 1 உவோற்று. வெப்பமாக மாறும் வலு 200 உவாற்று. நகத்தளவு பரப்பில் 200 உவாற்று! வெப்பம் செம்பை மேலும் கெடுக்கும். கெட்ட செம்பு தடையை மேலும் கூட்டும். 9 உவோற்றில் 1 உவோற்றை இழந்த மோட்டார் சோர்ந்து சுழலும். பார்ப்போர் மோட்டாரைக் குறை கூறுவர், மின்கலவடுக்கை மாற்றுவர், குற்றவாளி நடுவிலே பேசாதிருக்கும்.

இரண்டாம் வழி ஒட்டுதல். உருகிய செம்பின் மீது தட்டு மீண்டும் மோதி அமர்ந்தால் செம்பு உறைந்து இரண்டையும் ஒன்றாகப் பற்றவைத்துவிடும். சுருள்வில்லால் அதனைப் பிரிக்க இயலாது. திறப்பை விட்டபின்னும் மோட்டார் ஓயாது. இயந்திரம் எழுந்தால், பழைய வகைத் தொடக்கியின் சிறு பற்சில்லு பெரிய பற்சில்லினாலே விரட்டப்பட்டு விலகிக்கொள்ளும். ஆனால் மோட்டார் சுமையின்றிக் கடும் வேகத்திற் சுழன்று வெந்துகொண்டிருக்கும். பிறப்பாக்கி அதற்கும் மின்கலவடுக்குக்கும் சேர்த்து உழைக்க வேண்டியிருப்பதால், தொடங்கியபின் அம்பியர்மானி வழக்கத்துக்கு மாறாக உயர்ந்தே நிற்கும். தொடக்கி இயங்குகின்றது என அறிவிக்கும் சிறு செவ்விளக்குச் சில விமானங்களில் உண்டு. இவற்றை நோக்கும் விமானவோட்டி தலைமை ஆளியை விலக்கி, இயந்திரத்தை நிறுத்துவார். முதல் வாயிலாகிய தலைமை வரிச்சுருள் அங்கே காவல் செய்கின்றது. இரண்டு வரிச்சுருள்கள் எதற்கு என்று வினவுவோர்க்கு இதுவே விடை.

நோக்காது விட்டாலோ, மெய்யான அபாயம் அடுத்த முறையே வரும். ஒட்டிய வரிச்சுருளுடன் நிற்கும் விமானத்திலே எவரேனும், எரிபொருள் எவ்வளவு உண்டு என்று பார்க்கவோ விளக்கைச் சோதிக்கவோ தலைமை ஆளியைப் போட்டால், திறப்பை எவரும் தொடாமலே சுழல்விசிறி சுழலும். அவ்வேளை அதன் அருகே ஒருவர் நின்று எண்ணெய் பார்த்துக்கொண்டிருக்கலாம். மாணவர் ஒருவர் விசிறியின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். விசிறிக்கு ஆள் தெரியாது. தலைமை ஆளியைப் போடுமுன் முன்புறத்தை நோக்கி உரக்க எச்சரித்தல் வேண்டும் என்று நல்லாசிரியர் கற்பிப்பது வெறுஞ் சடங்கன்று.

இத்தகைய விபத்துக்கு ஏதுவாகும் வேறொன்றும் உண்டு. அது திறப்பாளியின் உள்ளே நிகழ்வது. சுருளினூடே பாயும் ஓட்டத்தைத் திடீரென முறித்தால், அழியும் காந்தப்புலம் அதே சுருளில் ஓர் அழுத்தத்தைத் தூண்டும். முறிவு எவ்வளவு விரைவோ அவ்வளவு உயரும் அவ்வழுத்தம். 12 உவோற்றுச் சுருளிலிருந்து நூற்றுக்கணக்கான உவோற்று எழக்கூடும். பரடே 1831 இற் கண்ட தூண்டல் விதியின் விளைவே இது. இவ்வெழுச்சி திறப்பாளியின் சிறு தொடுகைகளுக்கிடையே பொறியாகப் பாய்ந்து அவற்றை நாளடைவில் அரிக்கும். சில வேளை ஒட்டவும் வைக்கும். அப்போது விரல் விட்டபின்னும் சுருளுக்கு ஓட்டம் நிற்காது, தொடக்கியும் நிற்காது.

இதற்கு மருந்து மிக மலிவானது: சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஓர் இருவாயி. ஒரு திசையில் மட்டும் மின்னை விடும் இச்சிறு பொருள், சாதாரண ஓட்டத்துக்கு வழி விடாது. திறப்பு விலகியதும் எழும் எதிர் அழுத்தத்துக்கு மட்டும் வழிவிட்டு, அவ்வோட்டத்தைச் சுருளுக்குள்ளேயே சுழன்று அடங்கச் செய்யும். ஒருவகைத் திறப்பாளி பொருத்தப்பட்ட விமானங்களில் தொடக்கி வரிச்சுருளுக்கு இருவாயி பூட்டப்படல் வேண்டும் என 1993 இல் ஐக்கிய அமெரிக்க விமானத்துறை ஆட்சியகம் கட்டாயப் பணிப்பு விடுத்தது. இருவாயியின் கோடிட்ட முனை நேர் முனையை நோக்க வேண்டும். மாற்றிப் பூட்டினால், திறப்பைத் திருப்பியதும் அது குறுஞ்சுற்றாகி, காக்க வந்ததே அழிக்கும். இருவாயியினால் தண்டு விலகுவது ஒரு சிறிது தாமதிக்கும் என்பர். பயனை நோக்க இத்தாமதம் பெரிதன்று.

ஈரம், கடற்காற்று, எண்ணெய்ப் புகை, நடுக்கம் ஆகியன பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. இயந்திர அறையின் பின்புறத்தே தீத்தடுப்புச் சுவரிற் பூட்டப்பட்ட கருவிக்கு இவை நாளாந்த உணவு. ஆனால் உடற்றொடுப்பைப் பற்றி ஒரு சொல். தொடக்கி வரிச்சுருள் பலவற்றிற் சுருளின் ஒரு முனை திறப்பிலிருந்து ஓட்டம் பெறும். மறு முனை பேணியின் உடலோடு இணைந்து, பேணியைச் சுவரிற் பூட்டும் ஆணிகள் வழியாகவே சுற்றை முடிக்கும். ஆணியின் அடியிலே துருவோ வண்ணப்பூச்சோ இருந்தாற் சுற்று முடியாது. இங்கே அரை ஓம் தடை இருந்தாற் சுருள் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். அதே அரை ஓம் பெருவடத்தின் பாதையில் இருந்தால் மோட்டாருக்கு எட்டுவது 24 அம்பியருக்கும் குறைவு. அது அசையவே மாட்டாது. ஒரே தடை, இடத்துக்கேற்பச் சிறிதும் பெரிதுமாகின்றது.

கெட்டதைக் கண்டறிதற்கு முதற் கருவி செவி. திறப்பைத் திருப்பியபோது ஓசையே இல்லையாயின், தட்டு அசையவில்லை. குற்றம் சிற்றோட்டத்தின் பாதையில்: திறப்பாளி, மெல்லிய கம்பி, சுருள், உடற்றொடுப்பு ஆகியவற்றுள் ஒன்று. "டக்" என ஒரே ஓசை கேட்டு, விசிறி அசையாவிடில், தட்டு மோதியது, பேரோட்டம் செல்லவில்லை. குற்றம் தொடுகையிலோ வடத்திலோ மோட்டாரிலோ இருக்கும். கடகடவென்னும் தொடரோசை மெலிந்த மின்கலவடுக்கையோ அதன் தளர்ந்த முனையையோ சுட்டும்; அப்போது திறப்பை உடனே விட்டுவிடல் வேண்டும். ஒவ்வொரு கடகடப்பும் ஒட்டுதலை நோக்கிய ஓர் அடி.

செவி காட்டிய திசையிற் சென்று உறுதி செய்வது உவோற்றுமானி. தொடக்கி வரிச்சுருளின் இரு பெருமுனைகளிலும் மானியின் கம்பிகளை வைத்தால், தலைமை ஆளி போடப்பட்டுத் திறப்புத் திருப்பப்படாத நிலையில் அது மின்கலவடுக்கின் முழு அழுத்தத்தையும் காட்டும். திறப்பைத் திருப்பி மோட்டார் சுழலும்போது அது பூச்சியத்தை அண்டி, ஓர் உவோற்றின் பத்திலிரண்டு பங்கு அளவில் நிற்க வேண்டும். ஓர் உவோற்றைக் காட்டினால் மேலே கணித்த 200 உவாற்று அங்கே எரிகின்றது என்பது பொருள். இச்சோதனையைத் தகுதி பெற்ற பொறிவல்லார் மட்டுமே செய்யலாம். இயந்திரத்தின் தீப்பொறி மகனீற்றோவிலிருந்து வருவது. அது மின்கலவடுக்கைச் சாராது. தலைமை ஆளியை விலக்கிவிட்டோம் என்று நம்பி விசிறியைத் திருப்பினாலும் இயந்திரம் எழக்கூடும். மறுபுறம், பறக்கும் விமானத்தில் வரிச்சுருள் கெட்டாலும் இயந்திரம் நிற்காதிருப்பதும் இதே காரணத்தால்.

வரிச்சுருளைச் சுத்தியலின் பிடியால் ஒரு தட்டுத் தட்டினால் வேலை செய்கின்றது என்று சொல்வோர் உளர். அது பொய்யன்று. கருகிய மேட்டில் நின்ற செப்புத் தட்டு அதிர்ச்சியாற் சிறிது இடம்பெயர்ந்து, கெடாத பகுதியிற் போய் அமரும். அல்லது மெல்ல ஒட்டியிருந்தது விடுபடும். ஆனால் அந்நற்பகுதியும் சில நாளிற் கருகும். வீட்டை விட்டுப் புறப்பட ஒருமுறை தட்டியவர், திரும்பிவர வேண்டிய ஊரில் மறுமுறை தட்டும்போது பயன் கிட்டாமல் நிற்பார். திருப்புளியை இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்து இணைப்போரைப் பற்றி எழுதவே கை கூசுகின்றது. இயந்திரம் எழுந்தால் அவருக்கும் சுழலும் விசிறிக்கும் இடையே ஒரு முழத் தூரமும் இராது.

பேணியின் வாய் மடித்து மூடப்பட்டிருப்பதால் தொடுகைகளைத் துப்புரவு செய்தல் பெரும்பாலும் இயலாது. கழற்றி எறிந்து புதிதே பூட்டப்படும். மோட்டார் வண்டிக் கடையில் இதே உருவிற் கிடைப்பதை விமானத்திற் பூட்டுதல் சட்டப்படி தகாது. அனுமதி பெற்ற, அவ்விமானத்துக்குக் குறிக்கப்பட்ட எண்ணுடையதே வேண்டும். புதிதைப் பூட்டுமுன் பழையதைக் கெடுத்தது யாது என்று தேடாவிட்டாற் புதிதும் அதே வழியே செல்லும். பூட்டும்போது நேரும் தவறு ஒன்றும் உண்டு. முனையாணி ஒவ்வொன்றிலும் இரண்டு சுரைகள் இருக்கும். கீழ்ச்சுரையை ஒரு சாவியாற் பிடித்துக்கொண்டு மேற்சுரையை மற்றொன்றால் முறுக்க வேண்டும். பிடிக்காமல் முறுக்கினால் முனையாணி முழுவதும் மூடிக்குள்ளே திரும்பும். உள்முகம் சரிந்து, செப்புத் தட்டு ஓரத்தில் மட்டும் தொடும். வெளியே பார்க்கப் புத்தம் புதிதாய் விளங்கும் அக்கருவி, முதல் நாளிலேயே கருகத் தொடங்கியிருக்கும்.